நாத்தனார் போட்ட டென்ட்

"பொங்கல் லீவுல ஏரிக்கரையில டென்ட் போட்டுத் தங்கப் போறோம்" என்று என் நாத்தனார் போனில் சொன்னதும் என் மகள் அந்தப் போனுக்கு முத்தம் கொடுத்தாள். தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். இவள் எனக்கு முத்தம் கொடுத்து எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் கல்லில் கிடந்த தோசை கருகிப்போனது.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ஐந்து வயது சின்னவள். கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். தனி வீடு, சொந்தக் கார். காரைத் தானே ஓட்டிக்கொண்டு, தான் பிறந்து வளர்ந்த எங்கள் அருப்புக்கோட்டை வீட்டில் வந்து இறங்குவாள். எங்கள் தெருவே எட்டிப் பார்க்கும். நான் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் போடுகிற விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. எனக்கு ஸ்கூட்டி ஓட்டவே பயம்.

அவள்மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காரும் சம்பளமும் இருக்கட்டும். படித்தாள், சம்பாதிக்கிறாள், நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். என் மகள் அவளைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கூப்பிட்டால் "என்னம்மா!" என்று எரிந்து விழுகிற பிள்ளை, "அத்த" என்று சொல்லும்போது மட்டும் அப்படிக் குழைவாள். நாத்தனார் வாங்கிக்கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பாள். நான் எடுத்துக் கொடுத்தது பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். நாத்தனார் வந்துவிட்டுப் போன மறுநாள் உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றி அடுப்பில் போடுவேன். "யாரு கண்ணுக்குடி?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "ஊர்க் கண்ணுக்கு" என்பேன். யார் கண்ணை நினைத்துச் சுற்றினேன் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஆனால் இந்தப் பொங்கலுக்கு விஷயம் பெரிதாகிவிட்டது. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் ஒன்னுக்கு அவளைத் தன் வீட்டில் வைத்துக் கோயம்புத்தூரில் படிக்கவைப்பதாக நாத்தனார் தீபாவளி முடிந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் தை மாதமே இடம் பிடித்துவிட வேண்டுமாம். விண்ணப்பமும் வாங்கிவிட்டாள். பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "ஒங்கம்மா போட்டா நானும் போடுறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் நழுவிக்கொண்டார். லீவு முடிவதற்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பி, "நல்லா வருவ, போய்ட்டு வா" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பியவள் நான். இந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் தொட்டுப் பார்க்கவே மாட்டேன் என்றது கை. இந்த நேரத்தில்தான் ஏரியாம், டென்ட்டாம். பிள்ளையை இழுப்பதற்கு நாத்தனார் போடுகிற தூண்டில் என்று எனக்குப் பட்டுவிட்டது. அவர்களோடு நான் போகாமல் இருந்தால் தூண்டிலை யார் பார்த்துக்கொள்வது? நானும் கிளம்பினேன்.

எந்த ஊர் ஏரி என்று அவள் சொல்லவே இல்லை. "சர்ப்ரைஸ் மதினி" என்றாள். போனில் படம் பார்த்துப் பதிவு செய்தாளாம். படத்தில் நீலமாகத் தண்ணீர், கரையில் மஞ்சள் மஞ்சளாக டென்ட். கொடைக்கானலாகத்தான் இருக்கும் என்று ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் எடுத்து வைத்தேன். கார் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போய் மலைப்பக்கம் திரும்பும் என்று பார்த்தால், நேராகத் திருச்சுழி ரோட்டைப் பிடித்தது.

"பாப்பா, ரூட்டு மாறிப் போற" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேப்பு இப்படித்தான்ணே காட்டுது. ஒரு மணி நேரங்கூட ஆகாது."

திருச்சுழி தாண்டிக் கொஞ்ச தூரம் போய் மண்ரோட்டில் இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கிப் போய் ஒரு கரையின்மேல் கார் ஏறி நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ பாப்பா, இது கம்மாயாச்சே!"

கண்மாய்தான். எங்கள் சீமையில் ஏரி என்ற பேச்சே கிடையாது. தேங்கி நிற்கிற தண்ணீர் எல்லாம் எங்களுக்குக் கண்மாய். வாயில் வரும்போது கம்மாய். அதிலும் இது எனக்குத் தெரிந்த கம்மாய். நான் பிறந்த ஊருக்கு அடுத்த ஊர்க் கம்மாய். பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழி என்று இதன் உள்ளே இறங்கித்தான் நடப்பேன். அத்தனை வருடம் நடந்ததில் கால் நனைந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது இரண்டு வருடமாக நல்ல மழை. கரைக்குக் கீழே தளும்பத் தளும்பத் தண்ணீர் நின்றது. யாரோ ஒருவர் கரையை ஒட்டிய தன் நிலத்தைச் சுத்தம் செய்து, டென்ட் அடிக்க இடம் விட்டு, ஒரு தகரக் கொட்டகையும் வரிசையாக நாலு குழாயும் கழிவறையும் கட்டி, ஏரி என்று போர்டு வைத்துவிட்டார்.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! நன்றாக ஏமாந்தாளா? "கம்மாக்கரையில படுக்கவா கோயம்புத்தூர்லருந்து கார எடுத்துட்டு வந்த?" என்று கேட்டேவிட்டேன். நாத்தனார் முகம் சின்னதாகிப்போனது. இன்னும் கொஞ்சம் கிண்டல் செய்யலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் என் மகள் கத்தினாள்.

"அம்மா, அம்புட்டுத் தண்ணியப் பாரேன்! பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன்னு சொல்லுவியே, அந்த எடம் இதானா? என்னைய ஒருநாளாச்சும் இங்க கூட்டிட்டு வந்திருக்கியா நீ?"

"கூட்டிட்டு வந்து எதைக் காட்ட? காஞ்ச கம்மாயவா?"

நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கி ஓடினாள். நான் மிதித்து வளர்ந்த மண்ணைக் காட்டியே என் பிள்ளையை மயக்கிவிட்டாளே பாவி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்வெட்டர் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக இறங்கினேன். கால் வைத்த இடமெல்லாம் ஈரக் கரிசல், செருப்பில் அப்பிக்கொண்டது.

டென்ட்டை நாத்தனாரும் மகளும்தான் அடித்தார்கள். ஒருத்தி கம்பியைப் பிடிக்க ஒருத்தி துணியைக் கோக்க, ரொம்ப நாள் சேர்ந்து வேலை செய்தவர்கள் மாதிரி மளமளவென்று முடித்தார்கள். நானும் ஒரு முளைக்குச்சியை வாங்கி அடித்தேன். அது சாய்ந்தது. "அத நான் பாத்துக்கிறேன்மா, நீ உக்காரு" என்றாள் மகள். உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. வந்ததுமே அவர் தண்ணீர் திறந்துவிடுகிற மடையைத் தேடிப் போய்விட்டார். திரும்பி வந்து, இந்தத் தண்ணீர் மாசி வரைக்கும் தாங்கும், கீழே உளுந்தும் மல்லியும் போட்டிருக்கிறார்கள், மடைக்கதவில் ஒரு பலகை இற்றுப்போயிருக்கிறது என்று ஒப்பித்தார். தண்ணீரின் அழகைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்களுக்கு டென்ட் இரண்டு. யார் எதில் படுப்பது என்று பேச்சு வருவதற்கு முன்பே மகள் தன் பையை நாத்தனாரின் டென்ட்டுக்குள் வீசிவிட்டாள். "நீயும் அப்பாவும் அதுல. நானும் அத்தையும் இதுல." ஒரு யோசனை, ஒரு தயக்கம் இருக்க வேண்டாமா? சாயங்காலம் நாத்தனார் கரி அடுப்பு மூட்டிக் கோழிக்கறி சுட்டாள். நான் காலையில் எழுந்து கிண்டிக்கொண்டு வந்த புளியோதரை டிபன் கேரியருக்குள்ளேயே இருந்தது. மகள் கையெல்லாம் மசாலாவாக, "அத்த, செம!" என்று விரலைச் சப்பினாள். "காரம் சாஸ்தியா இருக்கு, வயிறு கெட்டுப்போகும்" என்றேன். அவள் இன்னொரு துண்டை எடுத்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் கோழியையும் தின்று புளியோதரையையும் தின்றார். அவருக்கு யார் கை என்றெல்லாம் கிடையாது.

இருட்டினதும் படுத்துவிட்டோம். பக்கத்து டென்ட்டில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

விடிந்தும் விடியாத நேரம். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். குழாய்க்குள் காற்று சீறுகிற சத்தம்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு அந்தச் சத்தம் போதும். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும், எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வருவதற்கு முன்னால் காற்று சீறும். எந்தத் தூக்கத்தில் இருந்தாலும் அந்தச் சீறலுக்கு எழுந்துவிடுவோம். முதலில் எழுந்தவள் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அது எங்களுக்குள் ஒரு முறை. நான் எங்கே படுத்திருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. டென்ட்டின் ஜிப்பைப் பிய்க்காத குறையாகத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன்.

"ஏ, தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு! எந்திரிங்க எல்லாரும்!"

டிபன் கேரியரின் நாலு அடுக்கையும் பிரித்துப் பிடித்தேன். தண்ணீர் பாட்டில், டீ போடுகிற கெட்டில், கோழிக்கறி கொண்டுவந்த ஐஸ் பெட்டி, எல்லாவற்றையும் நிரப்பினேன். தீப்பிடித்தால் அணைக்க என்று கொட்டகையில் ஒரு வாளியில் மணல் வைத்திருந்தார்கள். மணலைக் கொட்டிவிட்டு அதையும் பிடித்தேன். மதுரையிலிருந்து வந்து மூன்றாவது டென்ட்டில் தங்கியிருந்த புருசனும் பெஞ்சாதியும் நான் கத்தினதைக் கேட்டுக் கம்மாய் உடைத்துக்கொண்டது என்று நினைத்துவிட்டார்கள். அந்த மனுசன் ஒரு கையில் பையும் ஒரு கையில் பெஞ்சாதியுமாகக் கரைமேல் ஏறி ஓடினான். அவள் போர்வையோடு ஓடினாள். என் வீட்டுக்காரர் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

எனக்கு உதவிக்கு ஓடி வந்தது ஒரே ஒரு ஆள். தலைமுடி அவிழ்ந்து, கண் பாதி மூடி, கழிவறை வாளி ஒரு கையிலும் கோழிச் சட்டி ஒரு கையிலுமாக என் நாத்தனார் வந்தாள்.

"எத்தன கொடம் புடிச்சிருக்க மதினி? நகரு நகரு, வேகம் கொறையுறதுக்குள்ள இதையும் வைப்போம்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்க நிரப்பினோம். கடைசிப் பாட்டிலும் நிறைந்த பிறகுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் கம்மாய் முழுக்கத் தண்ணீர். கரையோரத்தில் நாலைந்து கொக்கு. கொட்டகைக்குப் பின்னால் அந்த இடத்துக்காரர் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, திறந்த வாய் மூடாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது. அடி ஆத்தாடி, அப்படி ஒரு சிரிப்பு. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டென்ட் வாசலில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தாள்.

"கோயம்புத்தூர் வீட்ல எந்நேரமும் தண்ணி வருது மதினி. ஆனாலும் ரெண்டு கொடம் புடிச்சு வைக்காமப் படுத்தா எனக்குத் தூக்கம் வராது" என்றாள் நாத்தனார்.

எத்தனையோ வருடம் கழித்து அவள்மேல் எனக்குக் கோபமில்லாத ஒரு நிமிடம் அது. அந்த நிமிடத்தைக்கூட நான் சும்மா விடவில்லை. மகள் பல் துலக்கப் போனதும் கேட்டுவிட்டேன்.

"இந்த டென்ட்டு, கோழி, எல்லாம் எம்மகளத் தட்டிட்டுப் போறதுக்குத்தான?"

அவள் சிரிப்பு நின்றது. முன்னால் இருந்த வாளியைத் தள்ளி வைத்தாள்.

"நான் கூப்பிடல மதினி. அவதான் கேட்டா. தீபாவளிக்கு நான் கெளம்புறப்ப காருக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, 'அத்த, நான் ஒங்க வீட்டுக்கு வந்து படிக்கிறேன். நீங்க கேக்குற மாதிரி அம்மாகிட்டக் கேளுங்க'ன்னா. நான் மொதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். நான் ஒத்த ஆளா இருந்து பழகிட்டேன். ஒரு புள்ளைக்குச் சோறு பொங்கி, அத நேரத்துக்கு எழுப்பி, இதெல்லாம் எனக்கு வருமான்னு பயந்தே கெடந்தேன். அவ விடல."

தீபாவளியிலிருந்து பொங்கல் வரை இவளைத்தான் திட்டித் தீர்த்தேன். இவளை நினைத்துத்தான் மிளகாய் சுற்றினேன். பொறாமைப்படுவதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தது ஒரு தைரியமாகத்தான் இருந்திருக்கிறது. இழுத்தவள் இவள் என்றால் சண்டை போடலாம், பிள்ளையைப் பிடித்து நிறுத்தலாம். யாரும் இழுக்காமல் பிள்ளையே கிளம்புகிறாள் என்றால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

இட்லி சாப்பிட்டுவிட்டு அண்ணனும் தங்கையும் டென்ட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். "வாடி, கரையில ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்று மகளைக் கூப்பிட்டேன். ஆச்சரியமாக, எரிந்து விழாமல் வந்தாள். கலுங்கு வரைக்கும் நடந்தோம். தண்ணீர் நிறைந்தால் வழிந்தோடுகிற அந்தக் கல் கட்டில் நான் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை.

"அத்த சொல்லிட்டாகளா?" என்று கேட்டாள்.

"சொன்னா."

"கோவமாம்மா?"

கோபம்தான். போகிறாளே என்றுகூட இல்லை, முதலில் அத்தையிடம் போய்ச் சொன்னாளே, அந்தக் கோபம். பெற்றவள் வீட்டில் இருக்கும்போது காருக்குள் போய் உட்கார்ந்து அத்தையிடம் மனசைக் கொட்டினாளே, அந்த ஆத்திரம். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாயில்லையா? அவ என்னத்தக் குடுத்துட்டா ஒனக்கு? நான் என்ன, வேணாம்னா சொல்லப்போறேன்?"

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ வேணாம்னு சொல்லமாட்டம்மா. நீ அழுவ."

"அழுதா என்ன?"

"நீ அழுதா நான் போகமாட்டேன். எனக்குத் தெரியும். இந்த ஊர விட்டு, வேற ஒரு எடத்துல இருந்து பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா நீ அழுதேன்னா அம்புட்டுத்தான், என்னால முடியாது. அதாம்மா அத்தைகிட்டச் சொன்னேன். அவுக அழுதா எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு போதும். ஒரே ஒரு சொட்டு விட்டால் கோயம்புத்தூரும் கிடையாது, அத்தை வீடும் கிடையாது, பிள்ளை என்னோடு வந்துவிடுவாள். இத்தனை நாள் நான் யாரிடம் தோற்றுப்போனேன் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தேனோ, அவளிடம் இல்லாத ஒன்று என் கையில் இருந்தது. பாழாய்ப்போன அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். உச்சி குளிர்ந்துபோனது எனக்கு.

குனிந்துகொண்டேன். செருப்பைக் கழற்றி, அடியில் அப்பிக் காய்ந்திருந்த கரிசல் மண்ணை ஒரு குச்சியால் சுரண்டினேன். ஒரு செருப்பு முடிந்து இன்னொன்றையும் சுரண்டினேன். குரல் சரியாக வரும் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"ஃபாரம் எங்க இருக்கு?"

"கார்ல. அத்த பேக்ல."

"எடுத்துட்டு வா. பேனாவும் எடுத்துட்டு வா. இங்க வச்சே போட்டுடுறேன்."

"நெசமாவாம்மா?"

"போடி, எனக்கு மனசு மாறுறதுக்குள்ள."

என் மகள் குனிந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கரைமேல் காரைப் பார்த்து ஓடினாள். கார் கொஞ்சம் தூரத்தில்தான் நின்றது. அவள் திரும்பி வருவதற்குள் நான் அழுது முடித்துவிட வேண்டியிருந்தது.